ஸ்பாண்டிலோசிஸ்: கழுத்தில் தேய்வது எது?

"கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டதாம்" என்று சொல்லாத வீடு குறைவு. மருத்துவ அறிக்கையில் இருப்பதோ 'சர்வைக்கல் ஸ்பாண்டிலோசிஸ்'. கிரேக்க மொழியில் ஸ்பாண்டிலோஸ் என்றால் முள்ளெலும்பு. 'ஓசிஸ்' ஒரு கோளாறான நிலையைக் காட்டும் ஈறு. லத்தீனில் செர்விக்ஸ் என்றால் கழுத்து. கருப்பையின் கழுத்துக்கும் அதே பெயர்தான். அதனால் 'சர்வைக்கல்' என்று கண்டதும் புற்றுநோயோ என்று பதற வேண்டாம்.

பேச்சுவழக்கில் இதை 'ஸ்பாண்டிலைட்டிஸ்' ஆக்கிவிடுகிறோம். அது தவறு. 'ஐட்டிஸ்' அழற்சியைக் குறிப்பது. இளம் வயதிலேயே தொடங்கி, காலையில் முதுகை விறைக்கச் செய்து, நடமாட நடமாடத் தணியும் அழற்சி நோய் ஒன்று அந்தப் பெயரில் உண்டு. அதற்கான மருந்துகளே வேறு.

சரி, தேய்வது எது? கழுத்தில் 7 முள்ளெலும்புகள். முதல் இரண்டுக்கும் நடுவே தவிர, மற்ற இடைவெளிகளில் மெத்தை போன்ற வட்டு (டிஸ்க்) இருக்கிறது. சுற்றிலும் நார் வளையம், உள்ளே நீர் நிறைந்த கூழ். பெரியவர்களின் வட்டுக்குள் ரத்தக் குழாய்கள் அநேகமாக இல்லை. மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து கசிந்து வரும் சத்துதான் அதற்கு ஆகாரம். வயது ஏற ஏறக் கூழில் நீர் வற்றும், வட்டு தட்டையாகும், நாரில் விரிசல் விடும். பாரம் இடம் மாறுவதால் எலும்பின் விளிம்பில் புதிய முளைகள் கிளம்பும். எலும்பு தேயவில்லை, அங்கே வளர்கிறது! 5-ஆம் முள்ளெலும்புக்கும் 6-க்கும், 6-க்கும் 7-க்கும் இடையில்தான் இது அதிகம். 6-ஆம் கழுத்து நரம்பு நெருக்கப்பட்டால் கட்டைவிரல் மரத்துப்போகும். 7-ஆவது என்றால் நடுவிரல்.

'ஜவ்வு தேய்ந்துவிட்டது' என்பதும் பொருந்தாது. சவ்வு மெல்லிய படலம். வட்டு தடித்த மெத்தை. வட்டு கெடுவதை மட்டும் சொல்ல, 'கழுத்து வட்டுத் தேய்வு' போதும், தெளிவாகவும் இருக்கிறது. ஸ்பாண்டிலோசிஸ் என்பதில் எலும்பு முளைகளும் பின்புறச் சிறு மூட்டுகளின் தேய்வும் அடங்குவதால், அதற்குக் 'கழுத்துத் தண்டுத் தேய்வு' என்பதே என் தேர்வு.

60 வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோரின் ஸ்கேனில் இந்தத் தேய்வு தெரியும். பலருக்கு வலியே இருக்காது. ஆனால் சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் தடுமாறினால், கையெழுத்து மாறினால், நடை தள்ளாடினால், தண்டுவடமே நெருக்கப்பட்டிருக்கலாம். அப்போது தைலம் தேய்த்துக்கொண்டு நாள் கடத்தாமல் உடனே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.