அந்த ட்ரிப்ஸ் ஏன் அவ்ளோ மெதுவா இறங்குது?

மன்னார்குடி பக்கத்துலேந்து ஒரு வாசகி கேட்ருந்தாங்க. மாமனாருக்கு சுகர், நடவு வயல்ல கால்ல ஏதோ குத்தி புண்ணாகி பாதமே வீங்கிடுச்சு, ஆஸ்பத்திரில சீழை கல்சர் பண்ணதுல (கிருமிய வளத்து பாக்கற டெஸ்ட்) எம்ஆர்எஸ்ஏன்னு வந்துருக்கு, அதாவது பென்சிலின் குடும்பத்து மருந்துக்கு அடங்காத ஸ்டாஃப் கிருமி. வான்கோமைசின்ங்கற ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சாங்க. மத்த ஊசிய அஞ்சு நிமிஷத்துல போட்டுட்டு போற சிஸ்டர் இதை மட்டும் ட்ரிப்ஸ்ல கலந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஓட விடுவாங்களாம். ஒருநாள் கூட இருந்த சொந்தக்காரர் சீக்கிரம் முடியட்டும்னு வேகமா திறந்து விட்டுட்டாரு, முகம் கழுத்து நெஞ்செல்லாம் செக்கச்செவேல்னு ஆகி அரிப்பு தாங்கல. "இது அலர்ஜியா, இனிமே இந்த மருந்தே அவருக்கு ஆகாதா?"

பதில் சொல்றேன், அதுக்கு முன்னாடி இந்த மருந்து என்ன பண்ணுதுன்னு பாத்துடலாம், எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் அது.

இது மண்ணுலேந்து வந்தது. 1950கள்ல போர்னியோ காட்லேந்து அனுப்புன மண்ணுல இருந்த ஒரு பாக்டீரியா தான் இதை செய்யுது, 1958ல அமெரிக்கால அனுமதி கெடச்சுது. ஆரம்பத்துல சுத்தம் பண்ண முடியாம பழுப்பா இருந்ததால மிசிசிப்பி சேறுன்னே பேர் வச்சாங்க.

கொள்ளிடத்துல வெள்ளம் வந்து கரை அரிக்கும்போது சவுக்கு கட்டைய நட்டு, குறுக்கால மூங்கில் வச்சு, கயித்தால இறுக்கி கட்டி மணல் மூட்டை அடுக்குவாங்க பாத்துருப்பீங்க. கட்டை எவ்ளோ நல்ல கட்டையா இருந்தாலும் முடிச்சு விழலன்னா தண்ணி தள்ளிட்டு போயிடும். பாக்டீரியாவோட சுவரும் அப்டித்தான், உள்ளேந்து அழுத்தம் தள்ளிக்கிட்டே இருக்கு. சர்க்கரை சங்கிலிங்க தான் கட்டை, ஒவ்வொண்ணுலேந்தும் அஞ்சு அமினோ அமிலத்துல ஒரு குட்டி கயிறு தொங்கும், அதை பக்கத்து கயித்தோட முடிச்சு போடறதுக்கு ஒரு என்சைம் இருக்கு. பென்சிலின் அந்த முடிச்சு போடற ஆளோட கைய பிடிச்சுக்கும். அதனால கிருமி பிடிபடாத வேற ஆள வேலைக்கு வச்சுக்கிச்சு, அதான் எம்ஆர்எஸ்ஏ. வான்கோமைசின் ஆள தொடவே தொடாது, கயித்தோட நுனிய போய் பிடிச்சுக்கும்! அந்த நுனில டி-அலனின்ங்கற அமினோ அமிலம் ரெண்டு இருக்கும், இந்த மருந்துல அதுக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு குழி, உள்ள போனா அஞ்சு ஹைட்ரஜன் பிணைப்பு (மூலக்கூறுங்களை ஒட்ட வைக்கற மெல்லிய பிடி) விழுது. எந்த ஆள் வந்தாலும் முடிச்சு போட நுனி இல்ல, சுவர் பலமிழந்து கிருமி வெடிக்குது.

நம்ம உடம்பு புரதம் எல்லாம் எல் வகை அமினோ அமிலத்தால கட்டுனது, டி-ங்கறது அதோட கண்ணாடி பிம்பம். நம்ம செல்லுக்கு இப்டி சுவரும் கெடையாது, அந்த நுனியும் கெடையாது, அதனால இந்த குழில மாட்ட நம்மகிட்ட எதுவும் இல்ல. இதை மொதல்ல படிச்சப்போ ராத்திரி தூக்கம் வரல எனக்கு.

ஆனா மூலக்கூறு ரொம்ப பெருசு. குடல்லேந்து ரத்தத்துக்கு போகாது, அதனால தான் நரம்பு வழியா ஏத்தணும் (குடலுக்குள்ளயே இருக்கற சி.டிஃபிசில் கிருமிக்கு மட்டும் வாய் வழியா குடுப்பாங்க). ஈ.கோலி மாதிரி வெளிச்சவ்வு உள்ள கிருமிக்குள்ளயும் இதால நுழைய முடியாது.

கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழிச்சு, 1988ல, இதுக்கும் அடங்காத, குடல்ல வாழற என்டிரோகாக்கஸ்ங்கற கிருமி பத்தி தகவல் வந்துச்சு. அது கயித்து நுனில இருந்த கடைசி அலனினை லாக்டேட்டுங்கற வேற மூலக்கூறா மாத்திக்கிச்சு, அவ்ளோதான், ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு போச்சு, மருந்தோட பிடி ஆயிரம் மடங்கு தளர்ந்துடுச்சு. ஐரோப்பால கோழிக்கும் பன்னிக்கும் வளரணும்னு அவோபார்சின்னு இதோட சொந்தக்கார மருந்த தீவனத்துல கலந்து குடுத்தது இதுக்கு ஒரு காரணம், 1997ல தடை பண்ணாங்க. சாதா சளிக்கு கூட "பவரா ஒரு ஊசி போடுங்க"ன்னு நிக்கறத நாமளும் விடணும்ங்க. அதோட நம்ம சம்பா வயல் சேத்துலயும் மருந்து செய்யற கிருமி இருக்கலாம், அதை தேட நம்ம காலேஜ் பசங்களுக்கு அரசாங்கம் காசு ஒதுக்கணும்னு நான் பார்க்கறவங்ககிட்டல்லாம் சொல்றேன்.

சரி, அந்த சிவப்பு. வேகமா ஏறுனா இந்த மருந்து மாஸ்ட் செல்ங்கற நோய் எதிர்ப்பு செல்லை நேரடியா தூண்டி, சிவப்பும் அரிப்பும் உண்டாக்கற ஹிஸ்டமினை கொட்ட வைக்கும். வழக்கமா அலர்ஜிய கெளப்பற ஐஜிஈ ஆன்டிபாடி சம்பந்தப்படாததால இது வழக்கமான அலர்ஜி இல்ல, வேகத்தோட பிரச்சனை. நிமிஷத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு கணக்கு, அப்போ 1 கிராமுக்கு 100 நிமிஷம், சிஸ்டர் ஓட விட்டது சரியான வேகம் தான். பெரும்பாலும் ட்ரிப்ஸ நிறுத்தி, அரிப்புக்கு மருந்து குடுத்து, அப்றம் இன்னும் மெதுவா ஓட்டலாம். ஆனா மூச்சு திணறல், நாக்கு வீக்கம், பிரஷர் எறங்குறது வந்தா கதை வேற, உடனே டாக்டர கூப்பிடணும், உண்மையான அலர்ஜியும் அபூர்வமா வரும்.

உங்க மாமனாருக்கு நான் அதிகமா கவலைப்படறது கிட்னிக்கு தான். மருந்து வெளில போறது அந்த வழியா, சுகர் இருக்கறவங்களுக்கு கிட்னி ஏற்கனவே களைச்சுருக்கலாம். கிட்னி எப்டி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினின் டெஸ்ட் அடிக்கடி பாக்கறாங்களா, மருந்தோட ரத்த அளவு பாக்க வசதி இருக்கான்னு கேளுங்க. கால்வலின்னு வெளில வாங்கி போடற வலி மாத்திரை ஏதாவது இருந்தா இன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, அதுவும் கிட்னிக்கு சுமை ஆகலாம்.