ஊருக்குப் போகிற அன்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள்

"நாளைக்கு ஊருக்குப் போறேன் டாக்டர், அந்த ஒண்ணுக்குப் போற மாத்திரைய மட்டும் போடல." முதியோர் மருத்துவம் பார்க்கும் எனக்கு இது பழகிப்போன பேச்சு. இதய பலவீனத்துக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கிற மாத்திரை அது. சிலர் முதல் நாள் சாயங்காலமே தண்ணீரையும் குறைத்துவிடுவார்கள். பேருந்து நிலையத்துக் கழிப்பறையை நினைத்துத்தான் இத்தனையும். எவ்வளவு தூரம் நடக்கணும், வெஸ்டர்ன் டாய்லெட் இருக்குமா, பையை யார் பார்த்துக்கொள்வார்கள், வருவதற்குள் பஸ் கிளம்பிவிடுமா?

சித்திரை வெயிலில் வாயை நனைக்காமல் கிளம்பினால் மயக்கம் வரத்தான் செய்யும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பலர் சாப்பிடும் ஃபுரோசமைட் மாத்திரையின் வேகம் ஆறு மணி நேரத்தில் அடங்கிவிடும். அதற்கேற்ப முன்பின்னாக மாற்றித்தர முடியும்.

முதியோர் வசதி என்றதும் நம்மவர்கள் சாய்தளம் கட்டுவார்கள், சக்கர நாற்காலி வாங்கி வைப்பார்கள். தேவைதான். ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் நடப்பவர்கள். கொஞ்ச தூரம் நடப்பவர்கள். தேய்ந்த முட்டி, கண்புரை, காது மந்தம், சர்க்கரையால் மரத்துப்போன பாதம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். மாற்றுத்திறனாளி அட்டை இருக்காது.

பேருந்து நிலைய இருக்கையையே பாருங்கள். துளை போட்ட ஸ்டீல், பின்பக்கம் சரிவு, நடுவில் கைப்பிடி கிடையாது. உட்கார்ந்துவிடலாம், எழுவதுதான் பெரும்பாடு. நாற்பத்தைந்து சென்டிமீட்டர் உயரமும், ஊன்றி எழ இரண்டு பக்கமும் பிடியும் இருந்தால் யார் தயவும் வேண்டாம். கழிப்பறையிலும் அதே கதை. கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு கம்பி வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே தடுத்துவிடும்.

பஸ் நுழைந்ததும் கூட்டம் ஓடும். உட்கார்ந்திருக்கும் பெரியவரும் விருட்டென்று எழுவார். பிரஷர் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிக் கண் இருட்டலாம். விழுந்தால் இடுப்பெலும்பு போகும். எந்த பஸ், எந்த நடைமேடை, எத்தனை மணி என்பது முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்தால் இந்த ஓட்டமே வேண்டியதில்லை. ஒலிபெருக்கியை அலறவிடுவதால் அது தெரிந்துவிடாது. வயதில் முதலில் மங்குவது உயர்ந்த சுருதி ஒலிகள். உயரமான கூரையின் எதிரொலியும் சேர்ந்தால் விருத்தாசலமா விழுப்புரமா என்று பிரித்தறிய முடியாது. நிதானமாக இரண்டு முறை சொல்லி, பலகையிலும் பெரிய எழுத்தில் காட்ட வேண்டும்.

பளபளக்கும் ஒரே நிற கிரானைட் படிகளை எந்தப் புண்ணியவான் தேர்ந்தெடுக்கிறாரோ! இறங்கும்போது பைஃபோகல் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகத்தான் படி தெரியும். அது படிப்பதற்கான பவர், ஆகவே படி விளிம்பு கலங்கலாக இருக்கும். விளிம்பில் ஒரு மஞ்சள் பட்டை அடித்தால் போதும்.

2023 டிசம்பர் 30 அன்று திறந்த, சென்னையின் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் ஏறத்தாழ 88 ஏக்கர். மாநகரப் பேருந்து நிற்கும் இடம் ஒரு பக்கம், வெளியூர்ப் பேருந்து கிளம்பும் இடம் இன்னொரு பக்கம். இடையில் பேட்டரி வண்டி விட்டிருப்பது நல்ல காரியம். ஆனாலும் வண்டிக்குக் காத்திருக்கும் இடத்திலும், நடக்கிற வழி நெடுகிலும் இருக்கை வேண்டும்.

மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகளை விட்டது. ஆசைப்பட்டுக் கேட்ட வசதி. ஆனால் ஓட்டுநர் நடைபாதையை ஒட்டி நிறுத்தினால்தான் அந்தத் தாழ்தளத்துக்குப் பலன். நடுரோட்டில் நிறுத்தினால் பாட்டி முதலில் நடைபாதையிலிருந்து இறங்கி, பிறகு ஏற வேண்டும். சென்னையில் வசிக்கும் 60 வயது கடந்தவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் உண்டு என்பதையும் தெரியாதவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

செல்போனில் டிக்கெட் போடும் பிள்ளைகளுக்கு ஒன்று. ஸ்லீப்பர் பஸ்ஸில் கீழ் பெர்த் இல்லையென்றால், அம்மாவுக்கு மேல் பெர்த் போட்டுவிட்டு "ஏறிடுவாங்க" என்று இருந்துவிடாதீர்கள். அந்தச் சின்ன ஏணியில் ராத்திரி இரண்டு மணிக்கு, ஓடுகிற வண்டியில், தனியாக இறங்கப்போவது அவர். பகல் நேர பஸ்ஸில் கதவுக்குப் பக்கத்து சீட்டாகப் பார்த்துப் போடுங்கள்.