அர்ச்சியசிஷ்டர், புனிதர், தூயவர்

பாலையூற்று லூர்து அன்னை திருத்தலத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய் வந்த அடுத்த ஞாயிறு, மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள்: "அம்மம்மா 'அர்ச்சியசிஷ்ட மரியாயே' என்றுதான் செபம் சொல்லுவா. அது என்ன சொல், ரீச்சர்?"

அது வடமொழிக் கூட்டுச்சொல். 'அர்ச்சிய' என்றால் வணங்கத்தக்க. 'சிஷ்ட' என்றால் நல்லொழுக்கம் நிறைந்த. கோணேச்சரத்தில் அயல்வீட்டார் செய்யும் அர்ச்சனைக்கும் இதற்கும் வேர் ஒன்றே என்றதும், திருகோணமலைப் பிள்ளைகளுக்குப் பாதி விளங்கிவிட்டது. புனிதருக்கு நாம் செலுத்துவது வணக்கம், ஆராதனை கடவுளுக்கு மட்டுமே என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். பழைய செபப்புத்தகங்களில் 'அர்ச்.' என்று சுருங்கி நிற்பதும் இச்சொல்தான்.

போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற வடிவங்களும் நம்மிடம் உண்டு. சந்தியாகு (யாக்கோபு) என்ற பெயருக்குள்ளேயே, புனிதர் என்று பொருள்படும் 'சாந்தோ' என்ற அடைமொழி இருக்கிறது. ஆகவே 'புனித சந்தியாகு' என்னும்போது அவரை இரண்டு முறை புனிதராக்குகிறோம். யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் (புனித பத்திரிசியார்) கல்லூரியின் பெயரிலுள்ள 'சம்' அதே வழியில் வந்தது. 'சென். ஜோசப்' என்பதில் உள்ள 'சென்' ஆங்கிலத்தின் கொடை.

இன்று நிலைத்திருக்கும் 'புனிதர்' தனித்தமிழ் என்று பலரும் எண்ணுகிறார்கள். அதுவும் வடசொல்லே. தூய்மையாக்குதல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்த அதற்கு, 'தூய்மையாக்கப்பட்டவர்' என்று பொருள். எனக்கு இச்சொல் மிகவும் பிடித்திருப்பது இதனால்தான். அர்ச்சியசிஷ்டர் என்ற சொல், கீழே முழந்தாளிட்டிருப்பவர் பீடத்தை அண்ணாந்து பார்த்துச் சொல்வது. புனிதர் என்ற சொல்லோ அந்த மனிதருக்குள் கடவுளின் அருள் செய்த வேலையைச் சொல்கிறது. தூய்மையாக்கப்படுவது எட்டு வயதுப் பிள்ளைக்கும் கூடும்.

நேரான தமிழ் 'தூயவர்'. தூநீர் என்பதில் உள்ள அதே 'தூ'. பட்டமாகப் 'புனிதர்' இருக்கட்டும். பொருள் சொல்லும்போது 'தூயவர்' என்றே சொல்லுங்கள். சீர்திருத்த சபையாரின் 'பரிசுத்தவான்' ஆண்பாலில் நின்றுவிடுகிறது, பெண்பிள்ளைகள் நிறைந்த வகுப்புக்கு அது பொருந்தாது.

இதனோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டிய இன்னொரு சொல் 'தேவ அழைத்தல்'. இலத்தீனிலும் அது 'அழை' என்ற வினையிலிருந்து பிறந்ததே. ஆனால் நம் பேச்சில் அது குருமடத்துக்கும் கன்னியர் மடத்துக்கும் மட்டும் உரியதாகச் சுருங்கிவிட்டது. "நான் அப்பாவோடு கடலுக்குப் போவேன், எனக்கு அழைத்தல் இல்லை" என்று ஒரு பையன் சொன்னபோது மனம் வலித்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கை விளக்கத்தில், தூய்மைக்கான அழைப்பு எல்லாருக்கும் உரியது என்று விளக்க ஓர் அதிகாரமே இருக்கிறது. புனித பவுலும் கொரிந்து நகரில் உயிரோடிருந்தவர்களையே, தாம் கடுமையாகக் கண்டித்தவர்களையே, தூயவர்களாக இருக்க அழைக்கப்பட்டவர்கள் என்றுதான் எழுதினார்.

அந்தப் பையனிடம் பாலையூற்றை நினைவூட்டினேன். 1858இல் லூர்து நகரில் அன்னையைக் கண்ட பெர்னதெத், நலிந்துபோன மாவாலைக்காரரின் மகள்; வயது 14; சரியாக எழுதப் படிக்கவும் தெரியாது. பின்னர் அவர் கன்னியர் மடத்தில் சேர்ந்தது உண்மைதான். அதற்கு அவன் "பேதுரு?" என்று கேட்டான். பேதுரு மீனவர்தானே! மறு ஞாயிறு அவரைப் பற்றித்தான் பாடம்.

சிறுமியின் அம்மம்மாவிடம் செபத்தை மாற்றச் சொல்லவில்லை. பொருளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.