கட்டியால் வைரசுக்கு என்ன லாபம்?

1911இல், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில், பேட்டன் ரவுஸ் ஒரு கோழியின் கட்டியை அரைத்து, செல்களும் பாக்டீரியாக்களும் புக முடியாத வடிகட்டியில் வடித்தார். தெளிந்து இறங்கிய சாற்றை நல்ல கோழிகளுக்கு ஊசியால் ஏற்றினார். அவற்றுக்கும் கட்டி வந்தது. சாற்றில் இருந்தது வைரஸ். அதற்கான நோபல் பரிசு அவர் கைக்கு வந்து சேர்ந்தபோது ஆண்டு 1966!

வைரசுக்கு வேண்டியது பெருகுவதும் பரவுவதும்தான். தான் குடியிருக்கும் விலங்கைக் கொன்று அதற்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பிறகு ஏன் கட்டி? பெரும்பாலும் அது பெருகும் வழியில் நேர்ந்துவிடும் விபத்து என்பதே என் பதில்.

ரவுஸ் கண்டது ரெட்ரோவைரஸ் வகை. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதும் நொதி அதனிடம் உண்டு. அமெரிக்க விஞ்ஞானிகள் டெமினும் பால்டிமோரும் 1970இல் அதைக் கண்டுபிடித்தார்கள். அப்படி எழுதப்பட்ட டி.என்.ஏ., செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிக்கொள்கிறது. அதன்பின் செல் பிரியும்போதெல்லாம் வைரசும் செலவில்லாமல் நகலெடுக்கப்படும்.

சிக்கல், செருகும் இடத்தில் இருக்கிறது. கோழிகளில் ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் லுகோசிஸ் வைரசிடம் புற்றுநோய் மரபணு எதுவும் கிடையாது. ஆனால் அதன் இரு முனைகளிலும், பக்கத்து மரபணுவை முடுக்கிவிடக்கூடிய வரிசைகள் உள்ளன. எண்ணற்ற செல்களில் அது எங்கெங்கோ போய் விழுகிறது, பெரும்பாலும் தீங்கில்லை. எங்கோ ஒரு செல்லில், செல் பெருக்கத்தைத் தூண்டும் ‘மிக்’ என்ற மரபணுவின் அருகே விழுந்துவிட்டால், அடக்கமாக இருக்க வேண்டிய மரபணு ஓயாமல் இயங்கத் தொடங்கும். கட்டியை ஆராய்ந்தால், அதன் செல்கள் அனைத்திலும் வைரஸ் ஒரே இடத்தில் செருகியிருப்பது தெரியும். அத்தனையும் ஒரே செல்லின் வாரிசுகள். இதற்குப் பல மாதங்கள் பிடிக்கும்.

ரவுஸ் வைரஸ் அவ்வளவு காத்திருப்பதில்லை. அதனிடம் ‘சார்க்’ என்ற புற்றுநோய் மரபணுவே இருக்கிறது. அது கோழியிடமிருந்தே களவாடியது என்று 1976இல் பிஷப், வார்மஸ் குழுவினர் காட்டினார்கள். இப்படிக் களவாடும் வைரஸ்கள் பெரும்பாலும் தம் சொந்த மரபணுக்களைப் பறிகொடுத்து, வேறொரு வைரசின் துணையின்றிப் பெருக முடியாமல் தவிக்கும். ரவுஸ் வைரஸ் அரிய விதிவிலக்கு.

பூனைகளின் லுகேமியா வைரஸ் இன்னும் விசித்திரமானது. பூனைக்குப் பூனை, முக்கியமாக எச்சில் வழியே, தொற்றுவது ‘ஏ’ வகை. நகலெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் பழக்கமில்லை. ஆகவே ஒரே பூனைக்குள் வைரஸ் மாறிக்கொண்டே போகிறது. மேலுறைப் புரதத்தில் சில மாற்றங்கள் நேர்ந்தால் ‘சி’ வகை பிறந்து, சிவப்பணு உற்பத்தியை முடக்கிக் கடும் ரத்தசோகையைத் தருகிறது. பூனையின் மரபணுத் தொகுதியில் கிடக்கும் பழைய வைரஸ் எச்சங்களோடு கலந்தால் ‘பி’ வகை. இவை இரண்டும் தனித்து அடுத்த பூனைக்குப் போவது அரிது. தாம் உருவான பூனையோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அடுத்த பூனைக்குள் ‘ஏ’ வகை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கோழிகளின் மாரெக் நோய் வைரஸ் ரெட்ரோவைரஸ் அல்ல, ஹெர்பிஸ் குடும்பம். தொற்றும் திறனுள்ள முழு வைரஸ் துகள்கள் இறகு முளைக்கும் குழிகளின் செல்களில்தான் உருவாகின்றன. அங்கிருந்து உதிரும் தோல் துகளோடு காற்றில் பரவுகின்றன. கட்டியாக வளரும் டி செல்களுக்குள்ளோ (இவை ஒரு வகை வெள்ளையணுக்கள்) வைரஸ் பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். பரவலைப் பொறுத்தவரை கட்டி ஒரு முட்டுச்சந்து.

இந்நோய்க்கான தடுப்பூசி சுமார் 1970 முதல் புழக்கத்தில் உள்ளது. அது கட்டியைத் தடுக்கிறது, ஆனால் தொற்றையும் பரவலையும் முழுமையாக நிறுத்துவதில்லை. பல பத்தாண்டுகளில் வைரசின் வீரியம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், மிகக் கொடிய வகைகள் தொற்றிய, தடுப்பூசி போடாத கோழிகள் அதிகம் பரப்புமுன்பே இறந்தன. தடுப்பூசி பெற்றவை பிழைத்து, வாரக்கணக்கில் அதே வைரசை உதிர்த்துக்கொண்டிருந்தன.