படச்சுருளையும் தடுப்பூசியையும் காப்பாற்றுவது எது?

பழைய தியேட்டர் ஒன்றில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "படப்பொட்டியை வெயில்ல வைக்காதேன்னு எங்க காலத்துல சொல்வாங்க. நெகட்டிவெல்லாம் லேப்ல ஏ.சி. ரூம்லதான் இருக்கும். என் மகள் கிராம சுகாதார செவிலியர். அவளும் தடுப்பூசியை ஐஸ் பெட்டியிலதான் தூக்கிட்டுப் போறா. இப்ப தடுப்பூசியையே ஃபிலிம் மாதிரி பண்றாங்களாமே, ரெண்டையும் குளிர்ல வைக்கிறதுக்குக் காரணம் ஒண்ணுதானா சார்?"

கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் குளிரை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். மீதிப் பாதி நம் வீட்டு அடுப்படியில், வெல்லப்பாகில் இருக்கிறது. அதற்கு முன் ரீலையும் ஊசியையும் வேகமாகப் பார்த்துவிடுவோம்.

சினிமாச் சுருளில் இரண்டு பகுதிகள் உண்டு. கீழே பிளாஸ்டிக் போன்ற ஒரு தளம், அதன்மேல் ஜெலட்டின் பூச்சு. படம் இருப்பது ஜெலட்டினுக்குள். படம் பிடிப்பதற்கு முன் வெள்ளி உப்பின் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் அதில் பதிந்திருக்கும். தளம் முதலில் நைட்ரேட்டாக இருந்தது. அது தீப்பிடித்தால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் அணையாது, எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. 1950-களில் அதைக் கைவிட்டு அசிட்டேட்டுக்கு மாறினார்கள். தீப்பிடிக்கும் பயம் போனது, புளிப்பு வந்தது. காற்றில் உள்ள ஈரமும் வெப்பமும் சேர்ந்து அசிட்டேட்டிலிருந்து அசிட்டிக் அமிலத்தைக் கழற்றிவிடும். டப்பாவைத் திறந்தால் குப்பென்று வினிகர் வாடை அடிப்பது இதனால்தான். இதில் மோசமான சங்கதி, வெளியேறிய அமிலமே அடுத்த அமிலம் வெளியேறுவதைத் துரிதப்படுத்துகிறது. ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் சுருள் சுருங்கி, நெளிந்து, ஜெலட்டின் தனியாக உரிந்து வந்துவிடும்.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் படிமங்களின் ஆயுளை ஆராயும் ஒரு நிறுவனம் இருக்கிறது. புதிய அசிட்டேட் சுருளை 21 டிகிரி வெப்பத்திலும் 50 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைத்தால் சுமார் 40 ஆண்டுகளில் வாடை தொடங்கும் என்பது அவர்கள் கணக்கு. நம்மூர் 32 டிகிரிக்கும் கடற்கரைப் புழுக்கத்துக்கும் அந்தக் கணக்கு எப்படிக் குறுகும் என்று நானே சொல்ல வேண்டியதில்லை. தமிழின் முதல் பேசும் படமான 1931-ஆம் ஆண்டின் காளிதாஸுக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. அதற்கு முந்தைய ஊமைப்படங்களில் பெரும்பாலானவையும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் வானிலைமேல் பழிபோட முடியாது. வெள்ளிக்காகச் சுருளைக் கழுவி விற்றவர்கள் நாமேதான்.

சரி, ஊசிக்கு வருவோம். தடுப்பூசிக்குள் இருப்பது பலவீனமாக்கப்பட்ட வைரஸாகவோ ஒரு புரதமாகவோ இருக்கலாம். எதுவானாலும் அதன் வேலை அதன் வடிவத்தில்தான் இருக்கிறது. வெப்பம் கூடினால் மூலக்கூறுகள் அதிகம் ஆடும், புரதத்தின் மடிப்பு அவிழும், மடிப்பு அவிழ்ந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். அதனால்தான் 2 முதல் 8 டிகிரி. போலியோ சொட்டு மருந்துக் குப்பியின் லேபிளில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வெளிறியிருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது. குப்பி பட்ட வெப்பமெல்லாம் சேரச் சேரச் சதுரம் கறுக்கும், வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். படச்சுருள் டப்பாவுக்கும் இப்படி ஒன்று உண்டு. சிறு நீலக் காகிதத் துண்டை உள்ளே போட்டு மூடி வைத்தால், அமிலம் இருந்தால் அது பச்சையாகி மஞ்சளாகும். ராச்செஸ்டர்காரர்கள் செய்ததுதான் அதுவும், ஆஸ்கர் அகாடமி அதற்கு ஒரு தொழில்நுட்ப விருதே கொடுத்தது.

குளிர் எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று நினைத்துவிடக் கூடாது. அலுமினிய உப்பு சேர்ந்த பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி), ஹெபடைட்டிஸ் பி போன்ற ஊசிகள் உறைந்துவிட்டால் வீண். பனிப்படிகங்கள் அலுமினியத் துகள்களை நெருக்கித் திரளவைத்துவிடும், உருகிய பிறகும் அவை பிரியாது. அனுபவமுள்ள செவிலியர் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே கேரியரில் வைக்க மாட்டார். கொஞ்ச நேரம் மேசையில் போட்டுவைத்து, காதருகே குலுக்கிப் பார்ப்பார். உள்ளே தண்ணீர் சளசளவென்று சத்தம் கேட்ட பிறகுதான் கேரியருக்குள் போகும்.

ஆக, குளிர் எந்த வேதிவினையையும் நிறுத்துவதில்லை, மெதுவாக்குகிறது. அந்த மெதுவுக்காக விடாமல் மின்சாரம், டீசல், ஐஸ் என்று செலவழித்துக்கொண்டே இருக்க வேண்டும். குளிரே இல்லாமல் மூலக்கூறுகளை அசையவிடாமல் செய்ய வழி உண்டா? இங்கேதான் அடுப்படி.

கடலை உருண்டைக்குப் பாகு காய்ச்சியவர்களுக்குத் தெரியும். வெல்லம் கரைந்து, வடிகட்டி, நுரைத்துக் கொதிக்கும்போது ஒரு சொட்டைக் கிண்ணத்துத் தண்ணீரில் விடுவார்கள். முதலில் கரைந்து போகும். பிறகு மெத்தென்று உருளும். இன்னும் இரண்டு நிமிடம் கழித்து விட்டால் கெட்டியாக இறுகும். எடுத்துத் தட்டில் போட்டால் "டங்" என்று சத்தம் வரும். அந்த 'டங்'குக்காகத்தான் காத்திருப்பது. அதற்கு முன்னால் இறக்கினால் உருண்டை பல்லில் ஒட்டும்.

அந்தச் சொட்டுக்கு என்ன ஆனது? அது சர்க்கரைப் படிகமாகவில்லை. படிகத்தில் மூலக்கூறுகள் வரிசை கட்டி நிற்கும். இங்கே வரிசை எதுவும் இல்லை. திரவத்தில் எப்படித் தாறுமாறாகக் கிடந்தனவோ அப்படியே கிடக்கின்றன. ஆனால் நகர முடியவில்லை. இந்த நிலைக்குத்தான் கண்ணாடி நிலை என்று பெயர். ஜன்னல் கண்ணாடியும் இதே வகைதான். அதன் பிசுபிசுப்பு தண்ணீரைப் போலக் கோடி கோடி மடங்குக்கும் மேல். தண்ணீரில் இமைப்பொழுதில் அங்குமிங்கும் ஓடித் திரியும் பெரிய மூலக்கூறு, கண்ணாடிக்குள் வருடக்கணக்கில் இருந்த இடத்திலேயே இருக்கும். ஓடாவிட்டால் ஒன்றையொன்று சந்திக்காது, சந்திக்காவிட்டால் வினை நடக்காது. (பழைய படங்களில் வில்லன் தலையில் உடைத்த பாட்டில்கள்கூடச் சர்க்கரைக் கண்ணாடியில் வார்த்தவைதான்.)

ஒவ்வொரு பொருளும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழேதான் கண்ணாடியாக இருக்கும், அதற்கு மேலே போனால் இளகிவிடும். உலர்ந்த சாதாரணச் சர்க்கரைக்கு அந்த இளகுநிலை ஏறக்குறைய 60 முதல் 70 டிகிரி. குளுக்கோஸுக்கு 30 சொச்சம்தான். தண்ணீருக்கோ பூச்சியத்துக்குக் கீழே 130 டிகிரிக்கும் அப்பால். இவற்றைக் கலந்தால் இளகுநிலை இரண்டுக்கும் நடுவே எங்கோ வந்து நிற்கும். பாகைக் கொதிக்கவைத்து நாம் செய்வதெல்லாம் தண்ணீரை விரட்டி விரட்டி, அதன் இளகுநிலையை அறை வெப்பத்துக்கு மேலே ஏற்றுவதுதான். மேலே ஏறிவிட்ட செய்தியைச் சொல்வதுதான் அந்த 'டங்'. ஐப்பசி மழையில் டப்பா மூடியைத் திறந்து வைத்தால் அதே உருண்டை பிசுபிசுப்பதும் இதனால்தான். காற்றின் ஈரம் உள்ளே போய் இளகுநிலையைக் கீழே இழுத்துவிட்டது. வெப்பம் ஒரு டிகிரிகூடக் கூட வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வரும். வெப்பமானி காட்டாத வெப்பம் அது.

இப்போது அந்தச் சொட்டுக்குள் ஒரு வைரஸை வைப்போம். வெல்லப்பாகுபோலக் கொதிக்கவைக்க முடியாது, செத்துவிடும். குளுக்கோஸும் ஆகாது. அது புரதத்தோடு வினைபுரிந்து பழுப்பேற்றும், தோசை சிவக்கும் அதே வினை. அதனால் புரதத்தோடு சண்டைக்குப் போகாத சுக்ரோஸ் (நம் சாதாரணச் சர்க்கரை), ட்ரெஹலோஸ் போன்ற சர்க்கரைகளை எடுத்துக்கொள்கிறார்கள். ட்ரெஹலோஸின் இளகுநிலை 100 டிகிரிக்கும் மேல், நம் அக்னி நட்சத்திரம் அதை ஒன்றும் செய்யாது. அதற்கு இன்னொரு குணமும் உண்டு. நீரில் இருக்கும்போது புரதத்தைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடித்துக்கொண்டிருக்கும். உலரும்போது அந்தப் பிடிகள் விடுபட்டால் வடிவம் சரியும். ட்ரெஹலோஸின் ஹைட்ராக்சில் கைகள் நீர் விட்ட இடத்தில் போய்ப் பிடித்துக்கொள்கின்றன. கலிஃபோர்னியாவின் ஜான் குரோவும் லோயிஸ் குரோவும் பல ஆண்டுகள் உழைத்து நிறுவிய கருத்து இது. அவர்களுக்கு வாத்தியாராக இருந்தவை ஆர்ட்டீமியா என்ற உப்பள இறாலின் முட்டைகளும் ஈஸ்ட்டும். காய்ந்த முட்டைகள் உடலில் ட்ரெஹலோஸைச் சேர்த்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கும், தண்ணீர் பட்டால் குஞ்சு பொரிக்கும். கடையில் விற்கும் உலர் ஈஸ்ட்டும் அப்படித்தான் விழித்துக்கொள்கிறது.

நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்தக் கண்ணாடியைப் பார்க்கலாம். தட்டம்மை–ரூபெல்லா ஊசிக் குப்பியின் அடியில் வெள்ளையாகக் காய்ந்த ஒரு வில்லை இருக்கும். உறையவைத்து, வெற்றிடத்தில் பனியை நேராக ஆவியாக்கி, கொதிக்கவைக்காமலே செய்த பாகு அது. ஜெலட்டின், சார்பிடால், சில அமினோ அமிலங்கள் ஆகியவற்றுக்கு நடுவே வைரஸ் அசையாமல் கிடக்கிறது. செவிலியர் கரைப்பானை ஊற்றியதும் கண்ணாடி கரைந்துவிடும். அப்போதே குப்பியின் மேல் நேரத்தை எழுதி வைப்பார். 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சமிருந்தால் குப்பைதான். காய்ந்திருந்தபோது மாதக்கணக்கில் இருந்த ஆயுள், ஈரமானதும் மணிக்கணக்குக்கு வந்துவிடுகிறது.

பெரியம்மையை ஒழித்ததும் இதே வித்தைதான். லண்டனின் லிஸ்டர் நிறுவனத்தில் லெஸ்லி காலியர் 1950-களில் அம்மைப்பாலில் பெப்டோன் என்ற, சிதைத்த புரதத்தைச் சேர்த்து உறையவைத்து உலர்த்தினார். 37 டிகிரியில் 4 வாரம் இருந்தாலும் வீரியம் குறையாத தடுப்பூசி கிடைத்தது. ஃபிரிட்ஜ் இல்லாத ஊர்களுக்கும் அதைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் அந்த உலர் மருந்து தயாரானது. 1980-இல் நோயே ஒழிந்ததாக அறிவித்தார்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, வேப்பிலைக் கொத்தைக் காரணம் காட்டி ஊசியை மறுப்பதில்தான் ஆட்சேபம். "ஊசியில் கெமிக்கல் கலக்கிறார்கள்" என்று வாட்ஸப்பில் அனுப்புபவர்கள், அந்தக் கெமிக்கல்களில் பாதி மிட்டாய்க் கடை சரக்கு என்று தெரிந்துகொள்ளட்டும்.

ஜெலட்டினைக் கவனித்தீர்களா? படச்சுருளில் வெள்ளியைத் தாங்கியதும் அது, தடுப்பூசியில் வைரஸைத் தாங்குவதும் அது. விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் காய்ச்சி எடுக்கும் அதே சமாச்சாரம். 1920-களில் கோடக்கில் ஷெப்பர்டு என்பவர், சில ஜெலட்டின்கள் மட்டும் ஏன் ஒளிக்கு அதிகம் கூருணர்வு தருகின்றன என்று துருவிப் பார்த்தார். கடுகுச் செடிகளில் இருப்பது போன்ற கந்தகச் சேர்மங்களின் துளி மிச்சங்கள்தான் காரணம் என்று தெரிந்தது. மாடு கடுகைத் தின்றிராவிட்டால் சினிமாவே இல்லை என்று அப்போது வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்களாம்.

இனி வாசகர் கேட்ட அந்த ஃபிலிம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மரியா குரோயில் குழு 2007 வாக்கில் இந்த வேலையைத் தொடங்கியது. அம்பர் பிசினுக்குள் சிக்கிய பூச்சிகளைப் பற்றிய ஓர் ஆவணப்படம்தான் பொறி. ஓராண்டில் சுமார் 450 கலவைகளை முயன்ற பிறகே ஒன்று தேறியது. சர்க்கரைகள், உப்புகள், உண்ணத்தக்க ஒரு பாலிமர் எல்லாம் சேர்ந்த கரைசலில் வைரஸைக் கலந்து, அச்சில் ஊற்றி, அறை வெப்பத்தில் காயவிடுகிறார்கள். உறையவைப்பதுமில்லை, வெற்றிடமும் வேண்டாம். காய்ந்ததும் மெல்லிய, ஒளி ஊடுருவும் தாளாக உரிந்து வருகிறது. நாக்கின் அடியிலோ கன்னத்தின் உட்புறமோ வைத்தால் கரைந்துவிடும். 2020-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, 20 டிகிரியில் 36 மாதம் வைத்திருந்த தாளிலிருந்தும் உயிருள்ள வைரஸை மீட்க முடிந்தது. 16 முறை உறையவைத்து உருக்கியும் தாங்கியது. வாய் வழியே போவதால் ஊசியும் சிரிஞ்சும் மிச்சம், ஊசிக்கு அழும் குழந்தையையும் சமாதானப்படுத்த வேண்டியதில்லை.

ஆய்வகத்தில் தேறியது அங்கன்வாடிக்கு வந்து சேர நீண்ட தூரம் இருக்கிறது. தாள் ஈரத்தை உறிஞ்சாத உறை வேண்டும், இல்லாவிட்டால் ஐப்பசிக் கடலை உருண்டையின் கதிதான். ஒவ்வொரு வைரஸுக்கும் கலவையைப் புதிதாகத் தேட வேண்டும். இந்தத் தேடலுக்குத்தான் காசு கிடைப்பதில்லை. குளிர்சாதன அறை கட்ட நிதி கேட்டால் ரிப்பன் வெட்டவாவது யாராவது வருவார்கள். பாகு பதத்தை ஐந்து வருடம் ஆராய நிதி கேட்டுப் பாருங்கள், என்ன பதில் வரும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். படச்சுருள்களைக் காக்கும் தேசியத் திட்டத்துக்கு ஒன்றிய அரசு சுமார் 597 கோடி ஒதுக்கியதை நான் மனதார வரவேற்கிறேன். அதில் ஒரு சிறு பங்காவது நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஏற்ற முறைகளைக் கண்டுபிடிக்கப் போக வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அசிட்டேட் தளமும் அறை வெப்பத்தில் கண்ணாடி நிலையில்தான் இருக்கிறது, பிறகு ஏன் புளிக்கிறது? பெரிய மூலக்கூறுகளைத்தான் கண்ணாடி கட்டிப்போடும். நீர் மூலக்கூறு பொடியன், இண்டு இடுக்கில் நுழைந்து போய்விடுவான். ஜெலட்டினோ ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டினாலே இளகத் தொடங்கிவிடும், சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும், பூஞ்சை குடியேறும். எனவே வீட்டில் பழைய சுருள் வைத்திருப்பவர்கள் ஃபிரிட்ஜ் வாங்கும் முன் ஈரத்தைக் கவனியுங்கள். ஈரத்தையும் அமிலத்தையும் சேர்த்து உறிஞ்சும் சியோலைட் பொட்டலங்கள் கிடைக்கின்றன, டப்பாவுக்குள் போட்டு வையுங்கள். வினிகர் வாடை வந்துவிட்ட ரீலை மட்டும் மற்றவற்றோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். அதன் அமிலம் பக்கத்து டப்பாவுக்கும் பரவும்.