அரை செகண்ட் தள்ளிப்போனா நாய்க்கு வேற பாடம்

போன வருஷம் நான் பண்ண ஒரு கூத்துல இருந்து ஆரம்பிக்கறேன். எங்க வீட்டு நாய்க்கு அப்போ எட்டு மாசம். ஆளில்லாத மைதானத்துல பெல்ட்ட கழட்டி விட்டேன், ஆசை தீர ஓடுச்சு, சரி கிளம்பலாம்னு “வா”ன்னு கூப்ட்டா வரல, மறுபடி கூப்ட்டேன், ஒரு புதர மோந்துக்கிட்டே நின்னுச்சு, பத்து நிமிஷம் தொண்டை தண்ணி வத்த கத்தினதுக்கப்புறம் வாலாட்டிக்கிட்டே வந்து முன்னாடி நின்னுச்சு, நின்ன உடனே மண்டையில ஒரு தட்டு தட்டி, நாலு வார்த்த திட்டி, பெல்ட்ட மாட்டி இழுத்துக்கிட்டு வந்துட்டேன். இனிமே லேட் பண்ணாதுன்னு எனக்கு ஒரு திருப்தி வேற. அடுத்த நாள் கூப்ட்டப்போ வந்துச்சு, ஆனா ரெண்டு கை தூரத்துலயே நின்னுடுச்சு. நான் ஒரு அடி எடுத்து வச்சா அது ஒரு அடி பின்னாடி போச்சு.

நான் திட்டினது லேட்டா வந்ததுக்கு. நாய்க்கு போய் சேந்தது, பக்கத்துல வந்தா அடி விழும்ங்கறது. பத்து நிமிஷத்துக்கு முன்னாடி புதர மோந்துக்கிட்டு இருந்ததுக்கும் இப்போ மண்டையில விழுந்ததுக்கும் முடிச்சு போட நாயால முடியாது. அதோட கணக்கு ரொம்ப சிம்பிள், கடைசியா நான் என்ன செஞ்சேன், உடனே என்ன நடந்துச்சு. கடைசியா அது செஞ்சது, என்கிட்ட வந்தது.

இந்த கணக்க முதல்ல ஒழுங்கா அளந்து பாத்தவர் எட்வர்ட் தார்ன்டைக், அமெரிக்காக்காரர். 1898ல பசியோட இருக்கற பூனைங்கள மரப்பெட்டிக்குள்ள போட்டு, வெளிய சாப்பாடு வச்சு, கயிற இழுத்தாலோ கட்டைய அமுக்கினாலோ கதவு திறக்கற மாதிரி செட் பண்ணி, ஒவ்வொரு தடவையும் வெளிய வர எவ்ளோ நேரமாகுதுன்னு குறிச்சு வச்சார். பூனை “ஆஹா புரிஞ்சிடுச்சு”ன்னு திடீர்னு கத்துக்கல, தடவைக்கு தடவை நேரம் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுது, பலன் கொடுத்த அசைவு தங்குச்சு மத்ததெல்லாம் உதிர்ந்து போச்சு. இத அவர் விளைவு விதின்னு சொன்னார். அப்புறம் 1930கள்ல இருந்து ஸ்கின்னர்ங்கற அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர் முதல்ல எலி, பின்னாடி புறா எல்லாம் வச்சு இத ஒரு முழு அறிவியலாவே ஆக்கினார். இன்னிக்கு நல்ல ட்ரெய்னர்ஸ் செய்யறதோட அஸ்திவாரம் இதுதான்.

இங்க ஒரு வார்த்தை குழப்பம் இருக்கு, தீத்துடுவோம். ‘பாசிட்டிவ்’ பயிற்சின்னு சொன்னதும் நாய்கிட்ட இனிமையா பேசறது, கோவப்படாம இருக்கறதுன்னு பலபேர் நினைச்சுக்கறாங்க. ஸ்கின்னர் பாஷைல பாசிட்டிவ்னா கூட்டல் குறி, நெகட்டிவ்னா கழித்தல் குறி, அவ்ளோதான். ஒரு செயல் அதிகமாகணும்னு ஏதோ ஒண்ண குடுத்தா பாசிட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். கழுத்த நெரிக்கற செயின இழுத்து, நாய் பக்கத்துல வந்ததும் லூஸ் விட்டா, வலிய எடுத்துவிட்டதால அது நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். ரெண்டுமே வேலை செய்யும். ரெண்டாவதுக்கு நாய் குடுக்கற விலை என்னங்கறதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல நேரம். நாய் உட்காந்த அந்த நொடிக்கு பரிசு போய் சேரணும், ஒண்ணு ரெண்டு செகண்ட் தாண்டினாலே பிடி நழுவ ஆரம்பிச்சுடும். நீங்க “உட்கார்”னு சொல்றீங்க, உட்காருது, நீங்க பாக்கெட்ல கைய விட்டு பிஸ்கட்ட தேடறீங்க, அதுக்குள்ள அது எழுந்து உங்க மேல காலத் தூக்கி வைக்குது, அப்போ பிஸ்கட் வாய்க்குள்ள போகுது. என்ன சொல்லிக்குடுத்தீங்க? மேல ஏறுன்னு சொல்லிக்குடுத்தீங்க. எங்க வீட்டுல இது ஒரு மாசம் நடந்துச்சு, நாய்க்கு மண்டையில ஒண்ணும் ஏறலன்னு நாங்க பேசிக்கிட்டு இருந்தோம்.

கையால அவ்ளோ வேகமா குடுக்க முடியாதுங்கறதாலதான் சத்தம் உள்ள வந்துச்சு. ஸ்கின்னர்கிட்ட படிச்ச கெல்லர் ப்ரீலண்ட், மரியன் ப்ரீலண்ட்னு ஒரு தம்பதி 1940கள்ல லேபை விட்டு வெளிய வந்து விலங்குகளுக்கு பயிற்சி குடுக்கறதையே தொழிலா ஆரம்பிச்சாங்க, சரியான செயலுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவுல பாலமா ஒரு சின்ன சத்தத்த வச்சாங்க. 1960கள்ல ஹவாய்ல டால்பின் பயிற்சியாளரா இருந்த கேரன் ப்ரையர் விசில்ல இதே வேலைய செஞ்சாங்க. யோசிச்சு பாருங்க, தண்ணிக்குள்ள குதிக்கற டால்பினுக்கு செயின் போட முடியாது, அடிக்கவும் முடியாது, கோவிச்சுக்கிட்டா அது பாட்டுக்கு அடுத்த மூலைக்கு நீந்தி போயிடும், அதனால கெஞ்சாம மிரட்டாம வேலை வாங்கற வழி கண்டுபிடிச்சே ஆகணும். அது அப்புறம் நாய் உலகத்துக்கு வந்து, டிக்-டிக்னு சத்தம் போடற அந்த சின்ன பிளாஸ்டிக் க்ளிக்கரா ஆச்சு.

வெறும் டிக் சத்தத்துக்கு நாய் ஏன் மயங்கணும்? இங்கதான் பாவ்லோவ் வரார், செரிமானத்த ஆராய்ச்சி பண்ணி 1904ல நோபல் வாங்கின அதே ரஷ்யக்காரர். மணி அடிச்சா எச்சில் ஊறும்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம், உண்மைல தாளம் தட்டற மெட்ரோனோம், பஸ்ஸர்னு என்னென்னவோ வச்சும் செஞ்சிருக்கார். அர்த்தமே இல்லாத ஒரு சத்தம், அதுக்கு பின்னாடி சாப்பாடு, இப்படி திரும்ப திரும்ப நடந்தா சத்தத்துக்கே சாப்பாட்டோட மதிப்பு ஒட்டிக்குது. அதனால முதல் நாள் நாய்கிட்ட எதுவும் கேக்காதீங்க, சும்மா டிக், ட்ரீட், டிக், ட்ரீட்னு ஒரு இருபது தடவ. டிக்னதும் காது நிமிர்ந்து உங்க கைய பாத்துச்சுன்னா சத்தம் வேலைக்கு ரெடி.

ஆனா க்ளிக்கர் இல்லாட்டி முடியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2016ல 51 நாய்ங்கள வச்சு, சிலதுக்கு க்ளிக்கர், சிலதுக்கு ஒரு பாராட்டு வார்த்தை, சிலதுக்கு வெறும் சாப்பாடுன்னு பிரிச்சு ஒரு சோதனை செஞ்சாங்க, கத்துக்கறதுல பெருசா வித்தியாசமே வரல. சின்னதா ஒரே மாதிரி சொல்ற “எஸ்” போதும். என் கருத்துல க்ளிக்கர் நாய விட மனுஷனுக்குதான் ட்ரெய்னிங், எப்போ அமுக்கணும்னு காத்திருந்து காத்திருந்து நாம நாய உத்துப் பாக்க கத்துக்கறோம்.

மூளைக்குள்ள இது எப்படி நடக்குதுங்கறதுக்கு நல்ல படம் கிடைச்சது குரங்குங்ககிட்ட. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ்ங்கற மூளை ஆராய்ச்சியாளர் குரங்குகளோட மூளைல, டோபமின்ங்கற ரசாயனத்த சுரக்கற செல்லுங்கள கவனிச்சார். ஆரம்பத்துல ஜூஸ் வாயில விழும்போது அந்த செல்லுங்க படபடன்னு துடிச்சுது. ஜூஸுக்கு முன்னாடி ஒரு லைட் எரியும்னு பழகினதும் துடிப்பு ஜூஸுக்கு வராம லைட்டுக்கே வந்துடுச்சு. லைட் எரிஞ்சு ஜூஸ் வரலன்னா, வரவேண்டிய அந்த நேரத்துல துடிப்பு வழக்கத்த விட கீழ இறங்கிடுச்சு. அதாவது டோபமின் கணக்கு போடறது எதிர்பாத்ததுக்கும் கிடைச்சதுக்கும் உள்ள வித்தியாசத்த. எதிர்பாராம நல்லது நடந்தா, எது இதுக்கு காரணம்னு தேடி மூளை கத்துக்குது. ட்ரீட் லஞ்சம்னு கிண்டல் பண்றவங்களுக்கு என் பதில் இதுதான், லஞ்சம் முன்னாடியே காட்டறது, இது அப்புறமா வர்ற தகவல். அதனாலதான் பிஸ்கட்ட கைல ஆட்டி காட்டி கூப்பிடறத மூணு நாலு தடவையோட நிறுத்திடணும், இல்லன்னா நாய் கத்துக்கறது “கைல பிஸ்கட் இருந்தா உட்காரலாம்”ங்கறதத்தான்.

நாய்ங்க மூளையையும் பாத்துருக்காங்க. எமரி யுனிவர்சிட்டில கிரெகரி பெர்ன்ஸ் டீம், மயக்க மருந்து குடுக்காம, கட்டிப்போடாம, நாய்ங்கள எம்ஆர்ஐ மெஷினுக்குள்ள அசையாம படுக்க வச்சு 2012ல ரிசல்ட் போட்டாங்க. சாப்பாடு வரும்னு அர்த்தமாகற கை சைகைய பாத்ததும் காடேட்ங்கற, பரிச எதிர்பாக்கறதோட சம்பந்தப்பட்ட மூளைப் பகுதி சுறுசுறுப்பாச்சு. எனக்கு அந்த ரிசல்ட்ட விட, அந்த மெஷின் போடற இரைச்சல்ல ஒரு நாய் தானா போய் தலைய வச்சு படுத்துச்சு பாருங்க, அதுதான் பெருசா தெரியுது. அத அடிச்சு செய்ய வைக்க முடியாது.

இப்போ அடிக்கு வரேன். அடியாத மாடு படியாதுன்னு நம்ம ஊர்ல பழமொழியே இருக்கு. அடி வேலை செய்யாதுன்னு நான் சொல்ல மாட்டேன். குரைக்கற நாய அதட்டினா அந்த நிமிஷம் வாய மூடும், மூடினதும் நமக்கு ஒரு நிம்மதி, அந்த நிம்மதிதான் நமக்கு கிடைக்கற பிஸ்கட், அதனால அடுத்த தடவ இன்னும் சீக்கிரமா அதட்டுவோம், இப்படி நாய் நமக்கு அதட்ட ட்ரெய்னிங் குடுத்துடும். ஆனா அடி எத செய்யக்கூடாதுன்னு மட்டும்தான் சொல்லுது, பதிலா என்ன செய்யணும்னு சொல்றதில்ல, அது போக வலி எது கூட ஒட்டிக்கும்ங்கறது நம்ம கைல இல்ல. ரோட்ல இன்னொரு நாய பாத்து குரைக்கும்போதெல்லாம் கழுத்துல சுண்டினா, இன்னொரு நாய் தெரிஞ்சாலே கழுத்து வலிக்கும்னுதான் பதியும்.

2009ல அமெரிக்காவுல, நடத்தை பிரச்சனைக்காக டாக்டர்கிட்ட கூட்டிட்டு வந்த நாய்ங்களோட 140 ஓனர்ஸ்கிட்ட கேட்டு ஒரு சர்வே வந்துச்சு. அடிச்சோ உதைச்சோ பாத்ததுல 43 சதவீத நாய்ங்க பதிலுக்கு முரட்டுத்தனம் காட்டியிருக்கு, மல்லாக்க புரட்டி அமுக்கினதுல 31 சதவீதம், கண்ண நேரா முறைச்சு பாத்ததுக்கே 30 சதவீதம். 2020ல போர்ச்சுகல்ல 92 வீட்டு நாய்ங்கள வச்சு நடந்த ஆராய்ச்சி இன்னும் நுணுக்கமானது. ரூம்ல ஒரு பக்கம் கிண்ணம் இருந்தா உள்ள சாப்பாடு, மறுபக்கம்னா காலின்னு முதல்ல பழக்கிட்டு, அப்புறம் நடுவுல ஒரு கிண்ணத்த வச்சாங்க. இருக்கும்னு நம்பற நாய் ஓடும், இருக்காதுன்னு நினைக்கறது தயங்கும். அடி, அதட்டல், கழுத்த சுண்டறதுன்னு அதிகமா நடக்கற பள்ளிங்கள்ல படிச்ச நாய்ங்க, பரிசு வச்சு பழகினதுங்கள விட மெதுவா போச்சு. பயிற்சிக்கப்புறம் எச்சில்ல ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கார்டிசாலும் கூடியிருந்துச்சு. பயிற்சி நேரத்தோட போற விஷயமில்ல பாருங்க, காலி ரூம்ல ஒரு கிண்ணத்த பாக்கும்போதும் கூட வருது.

நான்தான் தலைவன்னு காட்டணும்ங்கற கதையும் ஓடிக்கிட்டே இருக்கு. அதோட வேர் 1947ல ருடால்ஃப் ஷென்கெல் அடைச்சு வச்ச ஓநாய்ங்கள பாத்து எழுதினது, சொந்தமில்லாத ஓநாய்ங்கள ஒரே இடத்துல போட்டா சண்டை போடத்தான் செய்யும். 1970ல ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக் எழுதின புத்தகம் அத பரப்புச்சு. காட்டுல வருஷக்கணக்கா பாத்த அதே மெக், 1999ல, ஓநாய் கூட்டம்ங்கறது பெரும்பாலும் அப்பா அம்மா பிள்ளைங்க சேந்த குடும்பம், சண்டை போட்டு ஜெயிச்ச தலைவன்ங்கற அர்த்தத்துல சொல்ற ஆல்ஃபாங்கற வார்த்தையே பொருந்தாதுன்னு எழுதினார். எழுதினவரே வாபஸ் வாங்கியாச்சு, கேட்டவங்க விடல.

“தப்பு பண்ணிட்டு மூஞ்சிய தொங்கப்போட்டு நிக்குது பாரு, அதுக்கு தெரியும்”னு சொல்லுவாங்க. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ல 14 நாய்ங்கள வச்சு இத சோதிச்சாங்க. அந்த மூஞ்சி, நாய் திருடி தின்னுச்சாங்கறத பொறுத்து வரல, ஓனர் திட்டினாராங்கறத பொறுத்து வந்துச்சு. அது நம்ம கோவத்துக்கு பயந்த முகம்.

சரி, அடிக்கவும் கூடாதுன்னா மேல தாவற நாய என்ன செய்ய? தாவினா திரும்பி நில்லுங்க, நாலு காலும் தரையில பட்ட அந்த செகண்ட் குனிஞ்சு கொஞ்சுங்க. இங்க ஒரு எச்சரிக்கை, கண்டுக்காம விட்டா முதல்ல தாவறது ஜாஸ்தியாகும், அணையப்போற விளக்கு பிரகாசமா எரியற மாதிரி. நிறைய பேர் கரெக்டா அந்த இடத்துல பொறுமை இழந்து தடவிக்குடுத்துடுவாங்க. அவ்ளோதான், இன்னும் பலமா தாவினா கிடைக்கும்னு ஆயிடுச்சு. எப்பவாவது ஒருதடவ கிடைக்கற பலன்தான் பழக்கத்த ரொம்ப கெட்டியா பிடிச்சு வைக்கும், லாட்டரி டிக்கெட் விடாம வாங்கறவங்கள பாத்தா தெரியும். வீட்டுல நாலு பேர் ஒழுங்கா இருந்து வர்ற விருந்தாளி மட்டும் கொஞ்சினாலும் கதை கந்தல்.

ஹால்ல உட்கார்ற நாய் ரோட்ல உட்காரலன்னா அது திமிர் இல்ல. நாய்க்கு ஹால், நீங்க நின்ன இடம், உங்க குரல் எல்லாம் சேந்துதான் “உட்கார்”. இடம் மாறினா எல்கேஜில இருந்து ஆரம்பிக்கணும், அமைதியான இடத்துல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா சந்தடிக்கு போகணும். தினமும் மணிக்கணக்கா போட்டு வதைக்கவும் வேணாம். 2011ல 44 பீகிள் நாய்ங்கள வச்சு பாத்ததுல, வாரம் ஒண்ணு ரெண்டு தடவ சின்னதா பயிற்சி எடுத்ததுங்க, தினமும் எடுத்ததுங்கள விட குறைஞ்ச செஷன்லயே கத்துக்கிச்சு.

குட்டி வச்சிருக்கவங்களுக்கு, சுமார் 3 வாரத்துல இருந்து 12-14 வாரம் வரைக்கும் இருக்கற காலம் திரும்ப வராது. அந்த வயசுல பாத்த குடை, பைக் சத்தம், குழந்தை, தாடி வச்ச ஆள் எல்லாம் சாதாரணமா பதியும். தடுப்பூசி முடியலன்னா தரையில விடாம கையில தூக்கிட்டு போய் காட்டலாம். ட்ரீட் சுண்டுவிரல் நகம் அளவு போதும், ஒரு நாளைக்கு திங்கற மொத்த கலோரில பத்து சதவீதத்துக்குள்ள நிக்கட்டும், சாக்லேட், திராட்சை, வெங்காயம், சைலிடால்ங்கற சர்க்கரைக்கு பதிலான இனிப்பு போட்ட எதுவும் ட்ரீட் கிடையாது, விஷம். அப்புறம், ஒழுங்கா இருந்த நாய் திடீர்னு உறுமினாலோ வீட்டுக்குள்ள மூத்திரம் போனாலோ முதல்ல வெட் டாக்டர், அப்புறம்தான் ட்ரெய்னர். வலி இருக்கலாம். உறுமினதுக்கு அடிச்சா உறுமறத விட்டுடும், அடுத்தது சொல்லாம கடிக்கும்.

என் நாய் கதைக்கு வரேன். “வா”ங்கற வார்த்தை கெட்டுப்போச்சு, அத துடைச்சு எடுக்கறத விட புதுசு ஒண்ணு ஆரம்பிக்கறது ஈஸின்னு ஒரு விசில் வாங்கினேன். வீட்டுக்குள்ள ரெண்டடி தூரத்துல ஊதி வேகவச்ச சிக்கன் துண்டு, அப்புறம் அடுத்த ரூம்ல இருந்து, அப்புறம் மாடில இருந்து, மூணு வாரம் கழிச்சு நீள கயிறோட மைதானத்துல. அங்க இன்னொண்ணும் உறைச்சுது, கூப்ட்டா பெல்ட் மாட்டுவான், ஆட்டம் முடிஞ்சுடும்னா எவன் வருவான்? அதனால பத்து தடவ கூப்ட்டா ஒன்பது தடவ சிக்கன குடுத்து, கழுத்த தொட்டு, போடான்னு திரும்ப விட்டுடுவேன். இப்போ விசில் ஊதினா புதராவது ஒண்ணாவது, புழுதி கிளப்பிக்கிட்டு வந்து கால்ல மோதுது. பழக்கதோஷத்துல நான் “வா”ன்னு சொல்லிட்டா மட்டும் இன்னும் அந்த ரெண்டு கை தூரம்தான்.