பாசியைப் பாசிமணியில் கோத்தால்

குளத்தில் படர்வதும் பாசி, நூலில் கோக்கும் மணியும் பாசி. டோலிகோஸ்பெர்மம் என்ற நீலப்பச்சைப் பாசியை நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர்ப் பொருத்தம் சட்டென்று புரியும். அறுந்து விழுந்த மணிச்சரம் போலவே இருக்கும். பெயர்தான் பாசி, உண்மையில் இது ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. நன்னீர் ஏரிகளில் பெருகி நஞ்சு கலப்பவற்றில் இதுவும் ஒன்று.

இதன் உருவத்தை மணிச்சரமாகக் கோக்க மூன்று வகை மணி போதும். சின்னப் பச்சை மணிகள் சாதாரணச் செல்கள்; வெயிலில் சர்க்கரை தயாரிப்பவை. பத்துப் பதினைந்துக்கு ஒன்றாக, சற்றே பெரிய வெளிறிய மணி ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதன் பெயர் ஹெட்டிரோசிஸ்ட். எனக்கு மிகவும் பிடித்தது இந்த மணிதான். காற்றிலிருந்து வரும் நைட்ரஜனை உணவாக மாற்றும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, பட்டால் கெட்டுவிடும். பச்சைச் செல்களோ பகலெல்லாம் ஆக்சிஜனைத்தான் வெளிவிடுகின்றன. அதனால் சரத்தில் ஒரு செல் மட்டும் ஆக்சிஜன் தயாரிப்பதையே விட்டுவிட்டு, தடித்த சுவர் எழுப்பிக்கொண்டு, நைட்ரஜன் வேலையில் இறங்குகிறது. நிறமி குறைவதால் வெளிறித் தெரிகிறது. பக்கத்துச் செல்கள் அதற்குச் சர்க்கரை கொடுக்கும். அது அவற்றுக்கு நைட்ரஜன் கொடுக்கும். அப்புறம் அந்தச் செல் பிளந்து பெருகவே முடியாது.

மூன்றாவது, நீளமான மணி. இது அகினீட்: அடிச்சேற்றில் உறங்கிக் கிடந்து, தண்ணீர் சூடானதும் முளைக்கும் செல்.

மைக்ரோசிஸ்டிஸ் என்ற இன்னொரு நீலப்பச்சைப் பாசிக்கு மணிச்சரம் சரிவராது. வழவழப்பான கூழுக்குள் ஒழுங்கில்லாமல் குவிந்த உருண்டைகள் அவை. மெல்லிய வலைத்துணியில் நெருக்கமாகப் பிரெஞ்சு நாட் என்ற முடிச்சுத் தையல் போட்டால் அச்சாக வரும். செல்லுக்குள் இருக்கும் நுண்ணிய காற்றறைகள்தான் அவற்றை மேலே மிதக்க வைக்கின்றன. இதன் நஞ்சான மைக்ரோசிஸ்டின் கல்லீரலைத் தாக்கும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஈரி ஏரியிலிருந்து இது குழாய்த் தண்ணீரில் கலந்ததால், டொலிடோ நகரில் சுமார் 4 லட்சம் பேர் தண்ணீர் குடிக்க முடியாமல் தவித்தார்கள். கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

துணியின் ஓரத்துக்குப் பச்சை வேண்டாம், மயில்நீலம் கொடுங்கள். கரையில் ஒதுங்கிய செல்கள் செத்து உடையும்போது பைகோசயனின் என்ற நீலநிறமி கசிந்து, கரையோரம் பெயின்ட் கொட்டியது போல ஆகிவிடும். அழகாக இருக்கிறதே என்று அந்தப் படலத்தை அள்ளிக் காயவைத்துச் சாயமாகப் பூசிவிடாதீர்கள். காய்ந்த படலத்திலும் நஞ்சு மாதக்கணக்கில் தங்கும். மயில்நீல நூலே போதும்.